எடை குறைந்த துப்பாக்கியை அமெரிக்கத் தரைப்படை ஏன் தடுத்தது?

எம்-16 போன்ற எடை குறைந்த துப்பாக்கி கிடைத்திருந்தும் அமெரிக்கத் தரைப்படை அதை ஆண்டுக்கணக்கில் ஏன் தடுத்தது, அதற்குத் தளபதிகளின் பிடிவாதம் காரணமா, ஆயுத ஆலைகளின் சுயநலம் காரணமா, 2022-இல் அந்தப் படை தேர்ந்தெடுத்த புதிய துப்பாக்கிக்கு எழும் ஆட்சேபங்களும் அதே ரகத்தைச் சேர்ந்தவையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெரிய படை, தன் வீரர்களின் கையில் இருக்கும் அடிப்படைக் கருவியை மாற்றச் சொன்னால் எப்படி நடந்துகொள்கிறது, அந்த எதிர்ப்பில் நியாயம் எவ்வளவு, தவறு எவ்வளவு என்பதையே நீங்கள் உண்மையில் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தளவாடக் கிடங்கிலும் அதை ஒட்டிய பழுதுபார்ப்புப் பணிமனையிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதன்பின் ராணுவக் கொள்முதல் வரலாற்றைக் கற்பித்து வருகிறேன். வியட்நாம் போரை நேரில் கண்டவன் அல்லன். ஆகவே அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்பவை ஆவணங்களிலிருந்து கற்றவை. கிடங்கைப் பற்றிச் சொல்பவை மட்டுமே சொந்த அனுபவம்.

முதலில் கிடங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் எதிர்ப்பின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துப்பாக்கி மாற்றம் என்பது பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பது. கிடங்குப் பொறுப்பாளருக்கு அது தோட்டா, மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி), உதிரிப்பாகம், துடைக்கும் கம்பி, எண்ணெய், தேய்மானம் அளக்கும் அளவிகள், பயிற்சிக் கையேடு, பழுது பார்க்கத் தெரிந்த ஆள் என்று ஒன்றையொன்று சார்ந்த நூறு பொருள்களின் மாற்றம். இவற்றில் ஒன்று தாமதமானாலும் புதிய துப்பாக்கி பழையதைவிட மோசமானதாகிவிடும். நான் பணியாற்றிய இடத்தில் ஒரு முறை ஆயுதங்கள் வந்து பல மாதங்கள் கழித்தே அவற்றுக்கான சிறு உதிரிப்பாகங்கள் வந்தன. இடைப்பட்ட காலத்தில், பழுதான துப்பாக்கிகளைக் கழற்றி மற்றவற்றைச் சரிசெய்தோம். ஓர் எளிய ஸ்பிரிங் இல்லாததால் முழுத் துப்பாக்கி அலமாரியில் கிடந்ததைப் பார்த்தவனுக்கு, ‘இருப்பதே இருக்கட்டும்’ என்று சொல்லும் தளவாட அதிகாரியின் மனம் விளங்கும்.

இந்த மனநிலை மிகப் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861 முதல் 1863 வரை தளவாடத் துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ரிப்ளி, தொடர்ந்து ஏழு முறை சுடக்கூடிய ஸ்பென்சர் துப்பாக்கியைப் பெருமளவில் வாங்கத் தயங்கினார். அவரை முட்டாள் என்று எழுதியவர்கள் பலர் உண்டு. ஆனால் போர் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது பல அளவுகளில், பல நாடுகளிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த துப்பாக்கிகளின் கதம்பம். எல்லோருக்கும் ஒரே தோட்டா என்ற நிலையை எட்டுவதே அவருடைய தலையாய கவலை. அதே நேரத்தில், 1863 ஜூனில் ஹூவர்ஸ் கேப் என்ற கணவாயில் வடக்குப் படையின் கர்னல் வைல்டரின் படைப்பிரிவு, வீரர்களே தங்கள் செலவில் ஏற்பாடு செய்துகொண்ட ஸ்பென்சர் துப்பாக்கிகளால் தன்னைவிடப் பெரிய படையைத் தடுத்து நிறுத்தியது. ரிப்ளியின் கவலையும் உண்மை, வைல்டரின் வெற்றியும் உண்மை. நான் இந்த வரலாற்றைக் கற்பிக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

வீரனிடம் வேகமாகச் சுடும் கருவியைக் கொடுத்தால் தோட்டாவை வீணடிப்பான் என்ற அச்சம் இன்னொரு வேர். இதற்கு இரும்பிலேயே சாட்சி உண்டு. பிரிட்டனின் லீ-என்ஃபீல்டிலும் அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டிலும் மேகசினைத் துண்டித்து வைக்கும் ஒரு தகடோ நெம்போ இருந்தது. அதைப் போட்டுவிட்டால் உள்ளே தோட்டாக்கள் நிரம்பியிருந்தாலும் வீரன் ஒவ்வொன்றாகக் கையால் இட்டுத்தான் சுட வேண்டும், மேகசினில் உள்ளவை அதிகாரி ஆணையிடும் நேரத்துக்குச் சேமிப்பு. தொடர்ந்து சுடுவதற்கென்றே உருவாக்கிய கருவியில், தொடர்ந்து சுடாமல் தடுக்கும் உறுப்பையும் காசு கொடுத்துப் பொருத்தினார்கள். முதல் உலகப் போரின் நெருக்கடியில்தான் பிரிட்டன் அந்தத் தகட்டைக் கைவிட்டது.

கையிருப்பில் இருக்கும் தோட்டாவே துப்பாக்கியின் தலைவிதியைத் தீர்மானிப்பதும் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் கேரண்டின் துப்பாக்கி .276 அங்குலத் தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டு நல்ல நிலைக்கு வந்திருந்தது. 1932-இல் தலைமைத் தளபதி டக்ளஸ் மக்கார்தர் அந்தத் தோட்டாவை நிராகரித்தார். பொருளாதார மந்தத்தின் நடுவே, மலைபோல் குவிந்திருந்த .30 அங்குலத் தோட்டாக்களை விட்டுவிட்டுப் புதியதற்குப் பணம் கேட்க முடியாது என்பது முதன்மைக் காரணம். கேரண்ட் தன் துப்பாக்கியைப் பழைய தோட்டாவுக்கேற்ப மாற்றினார். அதுவே 1936-இல் எம்-1 என ஏற்கப்பட்டது. இருந்தும் 1942 ஆகஸ்டில் பசிபிக் தீவான குவாடல்கனாலில் இறங்கிய மரைன் படையினர் கையில் 1903-ஆம் ஆண்டுத் துப்பாக்கியே இருந்தது. குறிபார்த்து ஒரே வேட்டில் வீழ்த்துவதைப் பெருமையாகக் கொண்ட படை அது. அக்டோபரில் எம்-1 ஏந்திய தரைப்படைப் பிரிவு அதே தீவுக்கு வந்து அருகில் நின்று போரிட்டபோதுதான் வேறுபாடு அவர்கள் கண்ணுக்கே புலப்பட்டது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின், கர்னல் ரெனே ஸ்டட்லரின் பொறுப்பில் இருந்த அமெரிக்கச் சிறு ஆயுதப் பிரிவு, முழு ஆற்றல் கொண்ட .30 அங்குலத் தோட்டாவை விடக்கூடாது என்று உறுதியாக நின்றது. பிரிட்டன் .280 அங்குலத் தோட்டாவையும் அதற்கான இ.எம்-2 துப்பாக்கியையும் 1951-இல் தனக்கென ஏற்றுக்கொண்டது. ஆட்சி மாறிச் சர்ச்சில் பிரதமரானதும், நேச நாடுகள் ஒரே தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும் என்ற காரணத்தால் அது கைவிடப்பட்டது. அமெரிக்கா விரும்பிய 7.62 மி.மீ. தோட்டாவே நேட்டோவின் பொதுத் தோட்டாவாயிற்று. அடுத்து அதற்கேற்ற துப்பாக்கிக்கான போட்டி. பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். ஒரு பக்கம், ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதச்சாலை எம்-1-இன் வழியில் உருவாக்கிய டி-44 இன்னொரு பக்கம். 1953-54 குளிர்காலத்தில் அலாஸ்காவில் நடந்த சோதனைக்கு முன் டி-44 குளிருக்கென்று தனியாகப் பக்குவப்படுத்தி அனுப்பப்பட்டது, போட்டித் துப்பாக்கிக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. டி-44 முந்தியது. 1957-இல் அதுவே எம்-14 என்ற பெயரில் படையின் துப்பாக்கியானது. பின்னாளில் எம்-16-க்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் சோதனையை மனத்தில் வைத்திருங்கள். சோதிப்பவரும் போட்டியிடுபவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்ற சிக்கல் அப்போதே தொடங்கிவிட்டது.

எம்-14 மோசமான துப்பாக்கி அன்று. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. அந்தத் தோட்டாவைத் தோளில் தாங்கித் தானியங்கியாகச் சுட்டால் குழல் மேலே எழும்பிவிடும், இரண்டாவது மூன்றாவது குண்டு எங்கே போகிறது என்று சுடுபவராலேயே சொல்ல முடியாது. இதற்கிடையே ராணுவத்துக்காகவே ஆய்வு செய்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செயல்பாட்டு ஆய்வு அலுவலகத்தில் நார்மன் ஹிட்ச்மன் 1952-இல் ஓர் அறிக்கை எழுதியிருந்தார். காலாட்படைத் துப்பாக்கி பெரும்பாலும் 300 கஜத்துக்குள்தான் பயன்படுகிறது, அதற்கு அப்பால் குறி தப்புவது கூடிவிடுகிறது, ஆகவே சிறிய தோட்டாவும் அடுத்தடுத்துச் சுடும் திறனும் அதிகப் பயன் தரும் என்பது அதன் சாரம். 500, 600 கஜத்தில் வட்டப் பலகையைத் துளைப்பதையே துப்பாக்கிக் கலை என்று பயின்று வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்பது எளிதாக இருந்திருக்காது. அவர்கள் வாழ்நாளெல்லாம் தேர்ந்த திறனே தேவையற்றது என்று அந்த அறிக்கை சொல்வதுபோல் இருந்தது. இந்த மனக்காயத்தை வரலாற்றாசிரியர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் கருத்து.

எதிர்ப்பு முழுப் படையின் எதிர்ப்பும் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 1957-இல் சிறிய தோட்டாவுக்கான துப்பாக்கியை ஆர்மலைட் நிறுவனத்தின் யூஜின் ஸ்டோனரிடம் கேட்டவரே, காலாட்படைப் பயிற்சிக்குப் பொறுப்பான தரைப்படை ஜெனரல் வில்லர்ட் வைமன்தான். அப்படிப் பிறந்த ஏ.ஆர்-15 (படையில் எம்-16 என்று பெயர் பெற்றது இதுவே), தோட்டா இல்லாமல் 3 கிலோவை ஒட்டிய எடை. எம்-14 நாலு கிலோவுக்கு மேல். அதைவிடப் பெரிய வேறுபாடு தோட்டாவில் இருந்தது. எம்-14-இன் 7.62 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 24 கிராம், ஏ.ஆர்-15-இன் 5.56 மி.மீ. தோட்டா அதில் பாதி. ஒரே எடையில் இருமடங்கு தோட்டாக்களைச் சுமக்கலாம். ஆனாலும் 1959-இல் தலைமைத் தளபதி மாக்ஸ்வெல் டெய்லர் எம்-14-ஐத் தொடரவே முடிவு செய்தார், ஆர்மலைட் தன் உரிமையைக் கோல்ட் நிறுவனத்துக்கு விற்றது. அதன்பின் ஏ.ஆர்-15 விமானப்படை வழியாக உள்ளே நுழைந்தது. விமானத் தளங்களைக் காவல் காக்கும் வீரர்களுக்குப் பழைய கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கிக்கு மாற்று தேவைப்பட்டது. அங்கே நெடுந்தூரக் குறியின் மரபும் இல்லை, காப்பாற்ற வேண்டிய சொந்த ஆயுதச்சாலையும் இல்லை. விமானப்படை ஜெனரல் கர்டிஸ் லெமே 1960-இல் தர்ப்பூசணிகளைச் சுட்டுப் பார்த்துவிட்டு ஆதரவாளரானார்.

1962-இல் ஆயிரம் ஏ.ஆர்-15 துப்பாக்கிகள் தென் வியட்நாம் படையினரிடம் கொடுத்துப் பார்க்கப்பட்டு, மிகவும் சாதகமான அறிக்கை வந்தது. பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்நமாராவின் கணக்காய்வுப் பிரிவும் அதே ஆண்டில் ஏ.ஆர்-15-ஐயே உயர்த்திச் சொன்னது. தரைப்படை மீண்டும் ஒப்பீட்டுச் சோதனை நடத்தி எம்-14-க்குச் சாதகமான முடிவைக் கொண்டுவந்தது. அந்தச் சோதனைகளை ஆராய்ந்த தரைப்படையின் தலைமை ஆய்வாளரே அவற்றில் ஒருதலைச் சார்பு இருந்ததாகக் கண்டறிந்தார். இது வெளியார் சுமத்திய பழி அன்று, படையின் சொந்தத் தணிக்கை சொன்னது. 1963-இல் மக்நமாரா எம்-14 கொள்முதலை நிறுத்த முடிவு செய்து, ஏறத்தாழ 1,04,000 ஏ.ஆர்-15 வாங்க வழிசெய்தார். அவற்றில் 85,000 தரைப்படைக்கு.

வழக்கமாக இந்தக் கதையை இங்கே முடித்து, எதிர்ப்பு தோற்றது, புதுமை வென்றது என்பார்கள். நான் கற்றவரையில் கேடு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த 85,000 ஒரே முறை வாங்குவது என்ற எண்ணத்துடன் வாங்கப்பட்டது. சிறு அம்புகளைச் சுடும் எஸ்.பி.ஐ.டபிள்யூ. என்ற எதிர்கால ஆயுதம் விரைவில் வந்துவிடும் என்று தரைப்படை நம்பியிருந்தது (அது கடைசிவரை வரவில்லை). சில ஆண்டுகளுக்கு மட்டும் வைத்திருக்கப் போகும் பொருளுக்கு யார் முழுமையான உதிரிப்பாகத் திட்டம் போடுவார்கள்? விரும்பாமல் ஏற்ற பொருள், அதிலும் இடைக்காலப் பொருள் என்றால் கிடங்கில் அதற்குக் கிடைக்கும் கவனம் எப்படியிருக்கும் என்பதை நான் ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்திருக்கிறேன்.

அப்போது செய்த மாற்றங்களில் நல்லதும் உண்டு. கடுங்குளிரில் காற்று அடர்த்தியாகும்போது குண்டு நிலைகுலைவது தெரிந்ததால், குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதிலிருந்து 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என மாற்றப்பட்டது. இது நியாயமான ஆட்சேபம் தந்த பயன். தோட்டா அறையை மூடும் பூட்டு முழுமையாக அடையாதபோது கையால் தள்ளி அடைக்கும் பொத்தானைத் தரைப்படை வலியுறுத்திச் சேர்த்தது. விமானப்படை அது வேண்டாம் என்றது. ஆனால் பெரும் தீங்கு வெடிமருந்தில் நேர்ந்தது. தோட்டாவுக்கு விதித்த வேகத்தையும் அழுத்த வரம்பையும் ஸ்டோனர் பயன்படுத்திய வெடிமருந்தால் பேரளவு உற்பத்தியில் ஒருசேர எட்ட முடியவில்லை. 1964-இல் உருண்டைத் துகள் வெடிமருந்துக்கு மாற அனுமதி தரப்பட்டது. அது துப்பாக்கியின் சுடும் வேகத்தை வடிவமைப்பு வரம்புக்கு மேல் ஏற்றியது, அதிகக் கரியும் படியவைத்தது. எம்-14-இன் குழலுக்குள் இருந்த குரோமியப் பூச்சு இதற்கு இல்லை, ஆகவே ஈரக் காட்டில் தோட்டா அறை துருப்பிடித்துக் குழிவிழுந்தது. சுட்டபின் வெற்றுக்கூடு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அதை வெளியே இழுக்கும் கொக்கி அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். பின் வீரன் நீண்ட கம்பியைக் குழலின் முன்வாயில் விட்டு இடித்துத்தான் கூட்டை வெளியேற்ற வேண்டும். பலரிடம் அந்தக் கம்பியே இல்லை. சுத்தம் செய்யும் கருவிகளும் எண்ணெயும் போதிய அளவு அனுப்பப்படவில்லை. இந்தத் துப்பாக்கிக்குப் பராமரிப்பு அதிகம் தேவையில்லை என்ற எண்ணமும் பரவியிருந்தது.

1965 நவம்பரில் வியட்நாமில் நடந்த இயா டிராங் சண்டைக்குப் பிறகு, அங்கிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி ஜெனரல் வெஸ்ட்மோர்லண்ட் அமெரிக்கப் படையினர் எல்லோருக்கும் இந்தத் துப்பாக்கியைக் கேட்டார். நிதானமாக முடிக்க வேண்டிய மாற்றத்தை ஓரிரு ஆண்டுகளில் அள்ளித் தெளித்தார்கள். 1967 வசந்த காலத்தில் கே சான் அருகே குன்று 881-இல் போரிட்ட மரைன் வீரர்கள், சிக்கிக்கொண்ட துப்பாக்கிகளைப் பற்றி வீட்டுக்கு எழுதிய பிறகே நாடாளுமன்றம் விழித்தது. ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையிலான கீழவைத் துணைக்குழு அந்த ஆண்டு அக்டோபரில் தந்த அறிக்கை, தோட்டாவின் குறைகளைச் சரிசெய்யத் தரைப்படை அதிகாரிகள் தவறியது குற்றமுறு அலட்சியத்தின் எல்லையைத் தொடுகிறது என்ற பொருள்பட எழுதியது. அதை எத்தனையாவது முறை படித்தாலும் என்னால் அமைதியாகப் படிக்க முடிவதில்லை. அதில் பேசப்படும் பொருள்கள் எல்லாம் நான் பதிவேட்டில் தினமும் எழுதிய அதே கம்பியும் தூரிகையும் எண்ணெயும்தான்.

இவற்றில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வெடிமருந்து மாற்றம், குரோமியப் பூச்சின்மை, சுத்தம் செய்யும் கருவிகளின் பற்றாக்குறை, 1962 சோதனைகளின் சார்பு ஆகிய நான்கும் அதிகாரபூர்வ விசாரணைகளில் பதிவானவை. தரைப்படையின் தளவாடப் பிரிவு வேண்டுமென்றே துப்பாக்கியைக் கெடுத்தது என்ற குற்றச்சாட்டு அப்படிப்பட்டது அன்று. அதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அலட்சியத்துக்கும் பொறுப்பு சிதறிக் கிடந்ததற்கும் சான்று இருக்கும் அளவுக்குத் திட்டமிட்ட சதிக்கு இல்லை. 1958-59 அலாஸ்கா சோதனையில் தன் துப்பாக்கியின் குறிமுனை உறுப்புகளை மாற்றிப் பொருத்தியிருந்தார்கள் என்பது ஸ்டோனர் தரப்பின் கூற்று. எதிர்த்தரப்பு ஏற்காத கூற்றாகவே அதை வைத்துக்கொள்வது முறை. மறுபக்கம், 1962 வியட்நாம் அறிக்கை இந்தச் சிறு குண்டு உண்டாக்கும் காயங்களைப் பற்றிச் சொன்னவை மிகைப்படுத்தப்பட்டவை என்று பின்னாளில் ஆய்ந்தவர்கள் கருதினார்கள். ஆதரவாளர்களும் தராசில் விரலை வைத்தவர்களே. துப்பாக்கி சிக்கியதால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு நம்பத்தக்க எண்ணிக்கை கிடையாது, இணையத்தில் யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் ஏற்காதீர்கள்.

ஆகவே பிடிவாதமா, ஆதாயமா என்ற உங்கள் கேள்விக்கு என் தீர்ப்பு இதுதான். இரண்டும் இருந்தன, ஆனால் அவை மட்டும் இருந்திருந்தால் விளைவு இவ்வளவு கொடியதாக இருந்திருக்காது. தளவாடத் துறை எழுப்பிய கேள்விகள் பல சரியானவை. பேரளவில் உற்பத்தி செய்த தோட்டாவுடன் இந்தத் துப்பாக்கி ஒத்துப்போகுமா, ஈரத்தில் தோட்டா அறை தாங்குமா என்பவற்றை அவர்கள்தான் கேட்டிருக்க முடியும், எம்-14-க்குப் பூச்சு பூசியவர்களும் அவர்களே. ஆனால் எம்-16-ஐத் தடுக்க நடந்த சோதனைகளில் சார்பு வெளிப்பட்டபின் அமைச்சர் அலுவலகம் அவர்கள் சொல்லும் எதையும் நம்பத் தயாராக இல்லை. கேட்க வேண்டிய எச்சரிக்கை எது, புறந்தள்ள வேண்டிய முரண்டு எது என்று பிரிக்க முடியாத நிலையை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். பிறகு குறைகள் நீக்கப்பட்டபோது, அவை நீக்கக்கூடியவையே என்பதும் தெரிந்தது. தோட்டா அறைக்கும் பின்னர் குழல் முழுமைக்கும் குரோமியப் பூச்சு வந்தது, வேகத்தைத் தணிக்கும் பின்பகுதி உறுப்பு மாற்றியமைக்கப்பட்டது, துடைக்கும் கருவிகள் வந்தன, பராமரிப்பைச் சொல்லித்தரும் சித்திரக்கதைக் கையேடு அச்சிட்டு வழங்கப்பட்டது. அதே அடிப்படை வடிவம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

கடைசியாக, 2022 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்து இப்போது எம்-7 என்று அழைக்கும் 6.8 மி.மீ. துப்பாக்கியைப் பற்றி. இங்கே வரலாறு திசை மாறி நிற்கிறது. புதியதுதான் எடை கூடியது, அதன் மேகசினில் 20 தோட்டாக்கள், எம்-16-இன் வழிவந்த பழைய எம்-4-இல் 30. ஏழு மேகசின் சுமக்கும் வீரனுக்கு 210-க்குப் பதில் 140. ஆட்சேபிப்பவர்கள் முன்வைப்பது ஏறக்குறைய ஹிட்ச்மன் 1952-இல் எழுதியதையே. ஆதரவாளர்கள் மார்புக் கவசத்தைத் துளைக்கும் ஆற்றலையும் நெடுந்தூரத்தையும் சொல்கிறார்கள். யார் சரி என்று கள அனுபவம் இல்லாமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விவாதத்தைப் பின்தொடர விரும்பினால், எடை பற்றிய வாக்குவாதத்தைவிட மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: சோதனையை நடத்தியவர் யார், சோதனையில் சுட்ட தோட்டாவும் ஆலையிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் தோட்டாவும் ஒரே வெடிமருந்தால் ஆனவையா, உதிரிப்பாகங்கள் துப்பாக்கியோடு சேர்ந்து வருகின்றனவா அல்லது பின்னால் வருகின்றனவா.